பெற்றோரின் அழைப்பு, பிள்ளைகளின் பயணம்

திருவண்ணாமலை கிரிவலப் பாதை 14 கிலோமீட்டர். மலையின் மேற்குப் பக்கம், பாதையை ஒட்டி இருக்கிறது அடி அண்ணாமலை. பௌர்ணமி இரவில் பெருங்கூட்டம் கடந்துபோகும் இந்த ஊரில் மற்ற நாட்களில் வீடு வாடகைக்கு எடுத்துத் தங்கும் வெளிநாட்டவரைப் பார்க்கலாம். சிலர் கைக்குழந்தையோடும் பள்ளி வயதுப் பிள்ளைகளோடும் வந்தவர்கள். தெருப் பிள்ளைகளோடு விளையாடித் தமிழைப் பிடித்துக்கொண்ட பிள்ளை, மளிகைக் கடையில் அம்மாவுக்கும் கடைக்காரருக்கும் நடுவில் நின்று இருவர் பேச்சையும் மாற்றி மாற்றிச் சொல்லும். பெற்றோரை இங்கே இழுத்தது மலை. பிள்ளையை இழுத்தது பெற்றோரின் கை.

அப்படி வந்த குடும்பங்களில் நன்கு பதிவான ஒன்று ஆர்தர் ஆஸ்பர்னுடையது. பாங்காக்கில் சூலலாங்கோர்ன் பல்கலைக்கழகத்தில் ஆசிரியராக இருந்த அவர், 1941இல் மனைவி லூசியாவையும் மூன்று பிள்ளைகளையும் திருவண்ணாமலையில் விட்டுவிட்டு வேலைக்குத் திரும்பினார். சில மாதங்களில் ஜப்பானியப் படை தாய்லாந்துக்குள் நுழைந்தது. போர் முடியும்வரை அவர் சிறை முகாமில் இருந்தார். அப்பா உயிரோடு இருக்கிறாரா என்றே தெரியாத ஆண்டுகளை அந்தப் பிள்ளைகள் ரமண மகரிஷியின் ஆசிரம நிழலில் கழித்தார்கள். அப்பாவைப் பத்திரமாகத் திருப்பி அனுப்பும்படி ரமணரிடம் கேட்டார்கள் என்பதை ஆஸ்பர்னே எழுதியிருக்கிறார். 1945இல் அவர் வந்து சேர்ந்தார். அந்த வீட்டில் வளர்ந்த மகன் ஆடம் ஆஸ்பர்ன்தான் 1981இல் முதன்முதலாகச் சந்தையில் வெற்றிபெற்ற, தூக்கிச் செல்லக்கூடிய கணினியைக் கொண்டுவந்தவர். 2003இல் அவர் இறந்தது கொடைக்கானலில்.

ஆஸ்பர்ன் குடும்பம் கிறிஸ்தவ ஊழியத்துக்காக வந்ததல்ல. ஆனால் இதே ஊருக்கு அந்தப் பணிக்கென்றே பல பத்தாண்டுகள் முன்னதாக டென்மார்க்கிலிருந்து குடும்பங்கள் வந்திருந்தன. டேனிஷ் மிஷன் பெயரைத் தாங்கிய பள்ளி இன்றும் திருவண்ணாமலை நகரில் நடக்கிறது. நம்பிக்கைக்காகக் கடல் கடந்த வீடுகள் எந்த மதத்தைச் சேர்ந்தவையானாலும், அவற்றில் முடிவு எடுத்தவர்கள் பெரியவர்கள். அந்த முடிவின்படி வாழ்ந்தவர்களில் பலர் சிறுவர்கள். கிறிஸ்தவ மிஷன் வரலாற்றை எழுதியவர்கள் பெரியவர்களின் தேவ அழைப்பைப் பக்கம் பக்கமாக எழுதினார்கள். பிள்ளைகளை எப்படி ஆயத்தப்படுத்தினார்கள் என்று தேடினால் கிடைப்பது மிகக் குறைவு. இது வரலாற்றாசிரியர்களின் மறதி மட்டும் என்று எனக்குத் தோன்றவில்லை. ஆயத்தமே நடக்கவில்லை என்பதுதான் பல இடங்களில் உண்மை. இன்று தமிழ்நாட்டிலிருந்தே ஏராளமான குடும்பங்கள் மிஷனெரிகளாகப் புறப்படுவதால் இது பழங்கதையும் இல்லை.

நவீன மிஷன் இயக்கத்தின் தந்தை என்று போற்றப்படும் வில்லியம் கேரியின் புறப்பாட்டிலேயே இதைப் பார்க்கலாம். 1793இல் அவர் இந்தியாவுக்குப் போகத் தீர்மானித்தபோது மனைவி டாரதி கர்ப்பிணி. வரமாட்டேன் என்று உறுதியாகச் சொல்லிவிட்டார். கேரி எட்டு வயது மூத்த மகன் ஃபீலிக்ஸை மட்டும் கூட்டிக்கொண்டு கப்பலேறினார். கிழக்கிந்தியக் கம்பெனியின் அனுமதிச் சீட்டு இல்லாததால் அந்தக் கப்பலிலிருந்து இறக்கிவிடப்பட்டார்கள். அதற்குள் டாரதிக்குக் குழந்தை பிறந்துவிட்டது. மறுபடி போய் வற்புறுத்தினார்கள். தன் தங்கையும் கூட வந்தால் வருகிறேன் என்று அவர் சம்மதித்தார். சில மணி நேரத்தில் வீட்டைக் கலைத்து, சாமான்களை விற்று, கைக்குழந்தை உட்பட நான்கு பிள்ளைகளோடு கிளம்பினார்கள். ஜூன் 13 அன்று டேனிஷ் கப்பல் ஒன்று அவர்களை ஏற்றிக்கொண்டது. மறுவருடமே ஐந்து வயது பீட்டர் வங்காளத்தில் வயிற்றுக்கடுப்பால் இறந்தான். டாரதியின் மனம் கலங்கியது, பிறகு தெளியவே இல்லை. 1807இல் அவர் இறக்கும்வரை அந்த வீட்டில் ஓர் அறையில் வேதாகம மொழிபெயர்ப்பும் அடுத்த அறையில் அவருடைய அலறலும் சேர்ந்தே நடந்தன. கேரியின் மொழிப் பணியை மதிப்பவன் நான். அந்தச் சில மணி நேரப் புறப்பாட்டை மட்டும் விசுவாசத்தின் வெற்றியாகப் பிரசங்கிப்பதை என்னால் ஏற்க முடியவில்லை.

தமிழ் மண்ணுக்கு வந்த குடும்பங்களில் முதலில் சொல்ல வேண்டியது ஸ்கடர் குடும்பம். நியூயார்க்கில் மருத்துவராக நல்ல வருமானத்தோடு இருந்த ஜான் ஸ்கடர், நோயாளி ஒருவரின் வீட்டில் காத்திருந்தபோது மேசையில் கிடந்த ஒரு சிறு மிஷன் பிரசுரத்தை எடுத்துப் படித்தார். 1819 ஜூன் 8ஆம் தேதி மனைவி ஹாரியட்டோடும் சின்னஞ்சிறு மகளோடும் பாஸ்டனில் கப்பலேறினார். பயணம் நான்கு மாதம். கல்கத்தாவில் கரையேறிய சில நாட்களில் அந்த மகள் இறந்தாள். யாழ்ப்பாணத்துப் பண்டத்தரிப்பில் குடியமர்ந்தபின் பிறந்த அடுத்த குழந்தையும் தங்கவில்லை. ஆனாலும் இந்தக் குடும்பம் வேரூன்றியது. மகன்களில் ஏழு பேர் இந்தியாவில் மிஷனெரிகளானார்கள். 1853இல் ஆற்காடு மிஷனைத் தொடங்கியது அவர்களில் மூவர். நான்கு தலைமுறைகளில் 40க்கும் மேற்பட்ட ஸ்கடர்கள் இந்தப் பணியில் இருந்தார்கள். இன்றைய திருவண்ணாமலை மாவட்டத்தின் ஆரணி, வந்தவாசிப் பகுதிகளில் பழைய கிறிஸ்தவக் குடும்பங்களின் நினைவில் அந்தப் பெயர் இன்னும் இருக்கிறது.

ஜான் ஸ்கடர் அமெரிக்கச் சிறுவர்களுக்கென்றே புத்தகங்கள் எழுதியவர். மிஷனெரியாக வாருங்கள் என்று அந்நிய வீட்டுப் பிள்ளைகளைக் கடிதம் மூலம் அழைத்தவர். தம் சொந்தப் பிள்ளைகளை வளரும் வயதில் படிப்புக்காக அமெரிக்காவுக்கு அனுப்பிவிட்டு, பல ஆண்டுகள் முகம் பாராமல் இருந்தார். அக்கால மிஷனெரிகள் பலரும் அப்படித்தான். வெயில், காலரா, காய்ச்சல் ஆகியவை ஒரு காரணம். இன்னொரு காரணத்தை வெளிப்படையாகச் சொல்லக் கூச்சப்பட்டார்கள்: ஆயாக்களின் மடியில் தமிழ் பேசி வளரும் பிள்ளை வெள்ளைக்காரப் பிள்ளையாக இல்லாமல் போய்விடுமோ என்ற பயம்.

நோய் பயம் வெறும் சாக்கு அல்ல என்பதற்குக் கொடைக்கானலே சாட்சி. மதுரையில் பணியாற்றிய அமெரிக்க மிஷனெரிகள் பெரியவர்களையும் குழந்தைகளையும் அடுத்தடுத்துப் பறிகொடுத்தார்கள். முதலில் சிறுமலைக்கு ஏறிப் பார்த்தார்கள். அங்கேயும் காய்ச்சல் விடவில்லை. 1845இல் பழனி மலைத்தொடரின் உச்சியில் சன்னிசைடு, ஷெல்டன் என்ற இரண்டு பங்களாக்களைக் கட்டினார்கள். கொடைக்கானல் என்ற ஊர் தொடங்கியது இப்படித்தான். தேனிலவுக்கும் கோடை விடுமுறைக்கும் அங்கே போகிறவர்கள், குழந்தைகள் செத்துவிடக் கூடாதே என்ற தவிப்பில் உருவான ஊர் அது என்பதை அறிந்திருப்பது நல்லது. 1901இல் மார்கரெட் எடி என்ற அம்மையார் அங்கே ஹைகிளெர்க் பள்ளியைத் தொடங்கினார். மிஷனெரிப் பிள்ளைகள் ஆறேழு வயதில் கடல் கடந்து போக வேண்டாம், மலையிலேயே படிக்கலாம், பெற்றோர் கோடையில் வந்து சேர்ந்திருக்கலாம் என்பது ஏற்பாடு. பல ஆண்டுப் பிரிவு சில மாதப் பிரிவானது. பிள்ளைகளுக்காகச் செய்யப்பட்ட உருப்படியான ஆயத்தங்களில் ஒன்று என்று இதைச் சொல்வேன். இதற்கு ஸ்கடர் பாஸ்டனில் கப்பலேறியதிலிருந்து 82 ஆண்டுகள் பிடித்தன.

அந்த 82 ஆண்டுகளின் நடுவில் வளர்ந்தவர் ஐடா ஸ்கடர், ஜான் ஸ்கடரின் பேத்தி. 1870இல் ராணிப்பேட்டையில் பிறந்தார். சிறு வயதில், 1876 முதல் 1878 வரை தாது வருஷப் பஞ்சத்தில், பட்டினியால் விழுந்து கிடந்த பிள்ளைகளைப் பார்த்தார். குடும்பம் விடுப்பில் அமெரிக்கா போனது. அப்பா முதலில் இந்தியாவுக்குத் திரும்பினார். ஐடாவுக்குப் பதினான்கு வயதானபோது அம்மாவும் கிளம்பினார். ஐடா சிகாகோவில் உறவினர் வீட்டில் விடப்பட்டார். அன்றிரவு அம்மாவின் தலையணையில் முகம் புதைத்து அழுததை அவருடைய வாழ்க்கை வரலாறு சொல்கிறது. வளர்ந்த ஐடா, என்ன ஆனாலும் மிஷனெரியாக மாட்டேன் என்பதில் உறுதியாக இருந்தார். 1890இல் உடல்நலமில்லாத அம்மாவைப் பார்த்துக்கொள்ளத் திண்டிவனம் வந்தபோதுதான், திருவண்ணாமலையிலிருந்து இரண்டு மணி நேரப் பேருந்துத் தூரத்தில் இருக்கும் அந்த ஊரில்தான், எல்லோரும் அறிந்த அந்த இரவு நடந்தது. ஒரே இரவில் மூன்று ஆண்கள், ஒரு பிராமணர், ஒரு முஸ்லிம், இன்னொரு உயர்சாதி இந்து, பிரசவ வேதனையில் இருந்த மனைவிக்கு உதவும்படி கதவைத் தட்டினார்கள். அப்பா மருத்துவர், ஆனால் ஆண். அவரை அனுமதிக்க மூவருக்கும் மனமில்லை. காலையில் மூன்று பெண்களும் இறந்துபோன செய்தி வந்தது. வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியின் கதை அங்கே தொடங்குகிறது.

இந்தக் கதையை நம் சபைகளில் சொல்லும்போது தலையணையில் அழுத சிறுமியை வேகமாகக் கடந்துவிடுகிறார்கள். பிரிவு பலன் தந்தது, கர்த்தர் அதை நன்மைக்குப் பயன்படுத்தினார் என்று முடித்துவிடுகிறார்கள். திரும்பி வந்து மருத்துவமனை கட்டியவர்களைப் பற்றித்தான் புத்தகம் எழுதப்படுகிறது. திரும்பி வராதவர்கள், பெற்றோரோடு பேச்சை முறித்துக்கொண்டவர்கள், ஆலயப் படியே மிதிக்காதவர்கள் பற்றி யாரும் எழுதுவதில்லை. வெற்றி பெற்ற ஐடாவைக் காட்டி ஒரு முறையையே நியாயப்படுத்துவது ஆய்வு ஆகாது.

அடுத்து பிராண்ட் குடும்பம். ஸ்ட்ரிக்ட் பாப்டிஸ்ட் மிஷனைச் சேர்ந்த ஜெஸி பிராண்டும் ஈவ்லினும் சாலையில்லாத கொல்லிமலையில் குடியேறினார்கள். மகன் பால் 1914இல் பிறந்தார், அடுத்து மகள் கோனி. அப்பாவுக்கு மருந்து கொடுக்கவும் தெரியும், மரம் அறுக்கவும் தெரியும், கறையான் புற்றைப் பிளந்து அதன் அறைகளை மகனுக்கு விளக்கவும் தெரியும். மகனுக்கு மலையே பள்ளிக்கூடம். கிளையில் உட்கார்ந்து கணக்குப் போட்டுவிட்டு, தாளைக் கீழே நிற்கும் அம்மாவுக்குப் போட்டுவிடலாம். 1923இல் குடும்பம் இங்கிலாந்து போனது. ஒன்பது வயதுப் பாலும் அவரைவிடச் சிறிய கோனியும் லண்டனில் அத்தைமார் வீட்டில் விடப்பட்டார்கள். பெற்றோர் மலைக்குத் திரும்பினார்கள். மரத்தில் ஏறித் திரிந்த பையன் சத்தம் போடாமல் நடக்க வேண்டிய, திரைச்சீலைகள் தொங்கும் வீட்டில் வளர்ந்தான். அப்பாவும் அம்மாவும் வாரந்தவறாமல் கடிதம் எழுதினார்கள்.

1929 ஜூனில் ஜெஸி பிராண்ட் கருநீர்க் காய்ச்சலில் இறந்தார். மலேரியாவின் கடுமையான வடிவம் அது, சிறுநீர் கறுத்துப்போகும். தந்தி லண்டனுக்கு உடனே வந்துவிட்டது. அப்பா எழுதிய கடிதங்கள் கப்பலில் வந்துகொண்டிருந்தன. அப்பா இல்லை என்று தெரிந்த பிறகும் வாரக்கணக்கில் அவர் கையெழுத்தில் கடிதங்கள் வந்தன. மலையில் பார்த்த மரங்கள், மறுவருடம் விடுப்பில் வந்து பிள்ளைகளைப் பார்க்கப்போகும் ஆசை, எல்லாம் அவற்றில் இருந்தன. பாலுக்கு அப்போது பதினைந்து வயதுகூட முடியவில்லை. மறுவருடம் அம்மா மட்டும் வந்தார். தன் நினைவிலிருந்த துடிப்பான அம்மாவுக்கும் கப்பலிலிருந்து இறங்கிவந்த ஒடுங்கிய பெண்மணிக்கும் தொடர்பே தெரியவில்லை என்று பால் பிற்காலத்தில் நினைவுகூர்ந்தார்.

பால் பிராண்ட் 1946இல் வேலூருக்கு வந்தார். தொழுநோயால் மடங்கிப்போன விரல்களை அறுவைச் சிகிச்சையால் நிமிர்த்தும் முறையை உருவாக்கி உலகப் புகழ் பெற்றார். அம்மா ஈவ்லின் மிஷனிலிருந்து ஓய்வு கொடுக்கப்பட்ட பின்னும் மலையை விட்டு இறங்கவில்லை. கல்வராயன் உட்பட ஐந்து மலைத்தொடர்களில் ஊழியம் செய்வது கணவரோடு சேர்ந்து கண்ட கனவு. அதை எழுபது, எண்பது வயதுகளில் குதிரை மேலேறி நிறைவேற்றினார். 1974இல் இறந்தார். இந்தத் தாயையும் மகனையும் பற்றி நன்றியோடு எழுதாமல் இருக்க முடியாது. அந்த நன்றியோடுதான் கேட்கிறேன்: ஒன்பது வயதுப் பிள்ளையிடம், இனி ஐந்தாறு வருடம் என்னைப் பார்க்க மாட்டாய் என்பதை எப்படிச் சொல்வது என்று மிஷன் சங்கத்தில் யாராவது அந்தப் பெற்றோருக்குச் சொல்லிக்கொடுத்தார்களா? புறப்படும் மிஷனெரிக்குக் கொசுவலை கொடுத்தார்கள், க்வினைன் மாத்திரை கொடுத்தார்கள், தமிழ் இலக்கணப் புத்தகம் கொடுத்தார்கள்.

இங்கே டேனிஷ் மிஷனுக்குத் திரும்ப வேண்டும். ஜெர்மனியின் லைப்சிக் மிஷனில் இருந்த கார்ல் ஓக்ஸ், சபைக்குள் சாதி வழக்கத்தை அனுமதிப்பது பற்றிய சண்டையில் விலகிவந்து, 1860களில் டேனிஷ் மிஷனோடு சேர்ந்தார். கடலூர் அருகே பட்டாம்பாக்கத்தில் தொடங்கிய பணி திருக்கோவிலூர், திருவண்ணாமலை என்று பரவியது. இன்றைய ஆற்காடு லுத்தரன் திருச்சபை அதன் வாரிசு. இந்த மிஷனின் பிள்ளை வளர்ப்பைப் பற்றி டென்மார்க் வரலாற்றாசிரியர் காரன் வல்கோர்டா 2015இல் ஒரு நூல் வெளியிட்டார். தமிழ்ப் பெற்றோரின் வீட்டுச் சூழலிலிருந்து பிள்ளைகளைப் பிரித்து போர்டிங்கில் வளர்ப்பதே அவர்களுக்கு நல்லது என்று மிஷனெரிகள் எப்படி நம்பினார்கள், அன்பையும் கண்டிப்பையும் எப்படி ஒரு கருவியாக்கினார்கள் என்பதை அந்த நூல் ஆராய்கிறது. ஏழைத் தமிழ்த் தாயிடமிருந்து பிள்ளையை வாங்கி போர்டிங்கில் சேர்த்த கைகளே தங்கள் சொந்தப் பிள்ளையைக் கப்பலேற்றி ஐரோப்பாவுக்கு அனுப்பின. தமிழ்த் தாயின் அழுகை அறியாமை என்று பதிவாயிற்று. மிஷனெரித் தாயின் அழுகை தியாகம் என்று பதிவாயிற்று. இரண்டு வீட்டுப் பிள்ளைகளும் இரவில் ஒரே விதமாகத்தான் அழுதிருப்பார்கள்.

தமிழர்கள் மிஷனெரிகளாகப் புறப்பட்ட கதைக்கும் நூற்றைம்பது ஆண்டைத் தாண்டிய வயது. 1850களிலேயே திருநெல்வேலி உபதேசிமார் இலங்கையின் காப்பித் தோட்டத் தமிழரிடையே பணிக்கு அனுப்பப்பட்டார்கள். 1903 பிப்ரவரி 12இல் வேதநாயகம் சாமுவேல் அசரியாவும் நண்பர்களும் திருநெல்வேலியில் இந்திய மிஷனெரி சங்கத்தைத் தொடங்கினார்கள். முழுக்க இந்தியக் காசு, இந்திய ஆட்கள், இந்திய நிர்வாகம். அவர்கள் தேர்ந்தெடுத்த தோர்ணக்கல் ஐதராபாத் நிஜாம் ராஜ்யத்தில் இருந்தது. மொழி தெலுங்கு, ஆட்சி வேறு. வெள்ளாளன்விளைப் பனங்காட்டிலிருந்து பார்த்தால் அதுவும் அந்நிய தேசமே. மற்றவர்களை அனுப்பிவிட்டுத் தான் நகரத்தில் இருப்பதா என்று மனம் உறுத்தி, 1909இல் ஒய்.எம்.சி.ஏ. பதவியை விட்டு அசரியா தாமே அங்கு போனார். தொடக்கத்தில் கூடாரத்தில்தான் குடியிருப்பு. மனைவி அன்பு மாரியம்மாளும் பிள்ளைகளும் அந்த ஊரையே தங்கள் ஊராக்கிக்கொண்டார்கள். 1912இல் அசரியா ஆங்கிலிக்கன் சபையின் முதல் இந்தியப் பேராயரானார். அன்பு அம்மையார் பெண்களிடையே செய்த பணிக்குத் தனிக் கட்டுரை வேண்டும். பிள்ளைகளைத் தொலைதூரத்துக்கு அனுப்பிவிடும் ஐரோப்பிய வழக்கத்துக்கு மாற்றாக, குடும்பமே பணித்தளத்தில் வேர்விடும் முறையை அசரியா வீட்டில் பார்க்கிறோம். நம் மிஷன்கள் அதைப் பின்பற்றியிருக்கலாம்.

ஆனால் பின்பற்றியது மற்றதை. 1950களின் இறுதியில் விடுமுறை வேதாகமப் பள்ளிகளில் சேர்ந்த இளைஞர்களின் ஜெபக் குழுவாகத் தொடங்கிய நண்பர் சுவிசேஷ ஜெபக்குழு, 1965இல் தியோடர் வில்லியம்ஸ் தலைமையில் எழுந்த இந்திய சுவிசேஷ மிஷன் ஆகியவை வழியாகவும் இவற்றைப் போன்ற பிற அமைப்புகள் வழியாகவும் தமிழ்க் குடும்பங்கள் குஜராத்துக்கும் ஜார்க்கண்டுக்கும் ஒடிசாவுக்கும், பிறகு அயல்நாடுகளுக்கும் போயின. பணித்தளத்தில் நல்ல பள்ளி இல்லை. இருந்தாலும் அங்கே பாடமொழி வேறு. ஆகவே பிள்ளைகள் ஐந்து, ஆறு வயதில் தமிழ்நாட்டு விடுதிகளுக்கு அனுப்பப்பட்டார்கள். திருநெல்வேலி மாவட்டம் டோனாவூரில் உள்ள சந்தோஷ வித்யாலயா மிஷனெரிப் பிள்ளைகளுக்கென்றே நடக்கும் பள்ளி. அங்கே அவர்கள் ஒருவருக்கொருவர் அண்ணன் தம்பியாக வளர்கிறார்கள் என்பது உண்மை. வருடத்துக்கு ஒரு முறை, மே மாதத்தில், இரண்டு நாள் ரயில் பயணம் செய்து அப்பா அம்மாவிடம் போகிறார்கள் என்பதும் உண்மை.

நம் வீடுகளில் குடும்ப வேதாகமத்துக்குள் செருகியிருக்கும் ஜெப அட்டையை எடுத்துப் பாருங்கள். முன்பக்கம் குடும்பப் படம். அப்பாவுக்குக் கோட்டு, அம்மாவுக்குப் பட்டுச்சேலை, நடுவில் எண்ணெய் வைத்துப் படிய வாரிய தலையோடு இரண்டு பிள்ளைகள். பின்பக்கம் ஜெபக் குறிப்புகள். புதிய கிராமங்களின் கதவு திறக்க, மொழிபெயர்ப்பு முடிய, ஜீப்பு வாங்கத் தேவை சந்திக்கப்பட என்று போய், கடைசி வரியில் வரும்: பிள்ளைகளின் படிப்புக்காக, சுகத்துக்காக. எனக்குத் தெரிந்த அட்டைகளில் அந்த வரி மேலே ஏறிப் பார்த்ததில்லை.

இன்று ஆப்பிரிக்க நாடு ஒன்றுக்குப் புறப்படும் தமிழ்க் குடும்பத்தின் வேலைகளைப் பட்டியலிட்டால் பெரும்பாலும் தாள்கள்தான். பிள்ளைகளுக்குப் பாஸ்போர்ட். கிண்டி கிங் இன்ஸ்டிடியூட்டில் மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசி. அந்த நோய் பரவும் நாட்டிலிருந்து அதற்கான அட்டை இல்லாமல் திரும்பினால் இந்திய விமான நிலையத்திலேயே தனிமைப்படுத்திவிடுவார்கள். ஒன்பது மாதம் நிறையாத குழந்தைக்கு அந்த ஊசி பொதுவாகப் போடுவதில்லை, ஆகவே சில குடும்பங்கள் பயணத்தைத் தள்ளிவைக்க வேண்டியிருக்கும். பள்ளி மாற்றுச் சான்றிதழ், தாங்குவோர் பட்டியல், மாத ஆதரவுத் தொகை, காப்பீடு. பிறகு சபையில் பிரதிஷ்டை ஆராதனை, ஆயர் தலைமேல் கைவைத்து ஜெபிக்கிறார். இவை எல்லாம் தேவை. ஆறு வயது மகள் தன் தோழியிடம் விடைபெற்றாளா, தாத்தா இனி தினமும் வரமாட்டார் என்பது அவளுக்குப் புரிந்ததா, எந்தப் பொம்மையை விட்டுவிட்டு வர முடியாது என்கிறாள் என்பவை எந்தப் படிவத்திலும் இல்லை.

இவை சில்லறை விஷயங்கள் அல்ல என்பதை ஆய்வுலகம் கண்டது இந்தியாவிலிருந்துதான். 1950களில் ரூத் ஹில் யூசீம் என்ற அமெரிக்கச் சமூகவியலாளரும் அவர் கணவரும் இந்தியாவில் வாழ்ந்த அமெரிக்கக் குடும்பங்களை ஆராய்ந்தார்கள். பெற்றோரின் பண்பாடு ஒன்று, வாழும் நாட்டின் பண்பாடு ஒன்று, இரண்டிலும் முழுதாகச் சேராமல் நடுவில் ஒரு மூன்றாம் பண்பாட்டில் பிள்ளைகள் வளர்கிறார்கள் என்று ரூத் யூசீம் கண்டார். டேவிட் பொல்லாக்கும், நைஜீரியாவில் மிஷனெரிப் பிள்ளையாக வளர்ந்த ரூத் வான் ரேக்கனும் இதை விரித்து நூலாக எழுதினார்கள். ஊரை விட்டுப் போகுமுன் பிள்ளை செய்ய வேண்டிய நான்கு காரியங்களைப் பொல்லாக் சொன்னார்: சண்டை இருந்தால் தீர்த்துக்கொள்வது, அன்பு காட்டியவர்களுக்கு நன்றி சொல்வது, ஆட்களிடமும் இடங்களிடமும் செல்லப் பிராணியிடமும் முறையாக விடைபெறுவது, போகும் இடத்தை மனத்தில் கட்டிப் பார்ப்பது. நம் பாட்டிமாருக்கு இது புதிதாக இருக்காது. வீடு மாறும்போது பழைய வீட்டு வாசலில் கோலமிட்டுக் கும்பிட்டுவிட்டுப் போகச் சொன்னவர்கள் அவர்கள்.

விடுதிகளைப் பற்றிக் கசப்பான ஒன்றையும் சொல்லியாக வேண்டும். மேற்கு ஆப்பிரிக்காவின் கினியில், மாமூ என்ற ஊரில் அமெரிக்க மிஷன் ஒன்று தன் மிஷனெரிப் பிள்ளைகளுக்காக விடுதிப் பள்ளி நடத்தியது. அங்கே படித்தவர்கள் நடுவயதை எட்டிய பிறகு, தாங்கள் அடிக்கப்பட்டதையும் பாலியல் கொடுமைக்கு ஆளானதையும் பேசத் தொடங்கினார்கள். 1990களின் பிற்பகுதியில் சுதந்திரமான விசாரணைக் குழு அமைக்கப்பட்டு, குற்றச்சாட்டுகள் உறுதியாயின. பிள்ளைகள் அப்போதே ஏன் சொல்லவில்லை? வீட்டுக்கு எழுதும் கடிதத்தை விடுதியார் படித்துப் பார்த்த பிறகே அனுப்பினார்கள். அதைவிட, நீ குறை சொன்னால் அப்பாவின் ஊழியம் கெடும், அதனால் ஆத்துமாக்கள் அழியும் என்று பிள்ளைகளை நம்பவைத்திருந்தார்கள். எட்டு வயதுப் பிள்ளையின் தோள்மேல் ஒரு தேசத்தின் இரட்சிப்பை ஏற்றிவைத்தால் அது வாய் திறக்குமா? தமிழ்நாட்டு விடுதிகளை நான் இதோடு சமப்படுத்தவில்லை. அதே இறையியல் நம் பிரசங்க மேடைகளிலும் ஒலிக்கிறது என்பதால் சொல்கிறேன். மிஷனெரிப் பிள்ளைகள் தங்கும் ஒவ்வொரு விடுதியிலும், விடுதி நிர்வாகத்துக்குக் கட்டுப்படாத ஒருவர், பிள்ளைகள் தனியாகப் பேசக்கூடிய ஒருவர், இருக்க வேண்டும். 2012ஆம் ஆண்டின் போக்சோ சட்டம், குற்றம் தெரிந்தும் புகார் செய்யாமல் இருப்பதையே குற்றமாக்கியிருக்கிறது. மிஷன் நிர்வாகக் குழுக்களில் எத்தனை பேர் அதை வாசித்திருப்பார்கள்?

மலைப்பள்ளிகள் தரும் பாதுகாப்புக்கும் எல்லை உண்டு. ஊட்டி ஹெப்ரான் பள்ளி 1899இல் குன்னூரில் மிஷனெரிப் பிள்ளைகளுக்காகத் தொடங்கப்பட்டது. ஒடிசாவின் பாரிபதாவில் தொழுநோய் இல்லம் நடத்திய ஆஸ்திரேலியர் கிரஹாம் ஸ்டெயின்ஸின் பிள்ளைகள் அங்கேதான் படித்தார்கள். விடுமுறைக்கு வீட்டுக்கு வந்திருந்த பிலிப்பும் தீமோத்தேயுவும் 1999 ஜனவரியில் மனோகர்பூரில் அப்பாவோடு ஜீப்பில் உறங்கிக்கொண்டிருந்தபோது எரித்துக் கொல்லப்பட்டார்கள். ஒருவனுக்குப் பத்து வயது, மற்றவனுக்கு ஆறு. தாய் கிளாடிஸின் மன்னிப்பை உலகம் பேசியது. அது பேசப்பட வேண்டியதே. அந்தக் குடும்பத்தில் எஞ்சியிருந்த பதின்மூன்று வயது மகள் எஸ்தர் இரண்டு தம்பிகளையும் அப்பாவையும் ஒரே இரவில் இழந்த பிள்ளை. அவளுக்காகவும் தாய் ஒவ்வொரு நாளும் முடிவெடுக்க வேண்டியிருந்தது. அதைப் பற்றி நாம் அவ்வளவாகப் பேசவில்லை.

ஆகவே அனுப்புகிற சபைகளிடமும் சங்கங்களிடமும் சில காரியங்களைக் கேட்கலாம். தம்பதியை நேர்காணல் செய்யும் குழு, ஐந்து வயதைத் தாண்டிய பிள்ளைகளோடும் தனியே உட்கார்ந்து பேசட்டும். வேண்டாம் என்று பிள்ளை சொன்னால் பயணம் ரத்தாக வேண்டியதில்லை. ஆறு மாதம் தள்ளிப்போகலாம், பணித்தளம் மாறலாம், பெற்றோர் இன்னும் கொஞ்சம் பேச வேண்டியிருக்கலாம். ஆதரவுத் தொகையில் பிள்ளைகளின் பயணச் செலவு தனிக் கணக்காக இருக்கட்டும். விடுதிப் பிள்ளை வருடத்துக்கு ஒன்றுக்குப் பதில் மூன்று முறை வீட்டுக்குப் போக அது போதுமானதாக இருக்கட்டும். இணையவழிப் பள்ளியும் காணொளி அழைப்பும் வந்துவிட்ட இந்தக் காலத்தில், பத்து வயதுவரை பிள்ளை பெற்றோருடனேயே இருப்பது பல பணித்தளங்களில் சாத்தியம்தான். இதற்கு ஓர் ஆசிரியரைக் குடும்பங்களோடு அனுப்ப வேண்டியிருந்தால், அவரையும் மிஷனெரி என்றே எண்ணி ஆதரிக்கட்டும். தமிழை எழுதப் படிக்கச் சொல்லிக்கொடுக்கவும் ஒருவர் வேண்டும். இல்லாவிட்டால் பதினேழு வயதில் கல்லூரிக்குத் தமிழ்நாடு வரும் பிள்ளைக்குச் சொந்த ஊரின் பேருந்துப் பலகைகூடத் தடுமாற்றமாகிவிடும்.

மிஷனெரி ஞாயிறன்று விடுப்பில் வந்திருக்கும் குடும்பத்தை மேடையேற்றுவது நம் வழக்கம். பிள்ளைகளுக்குப் பணித்தளத்துப் பழங்குடி உடை உடுத்தி, அந்த மொழியில் ஒரு பாட்டுப் பாடச் சொல்கிறோம், சபை கைதட்டுகிறது, காணிக்கைப் பை சுற்றிவருகிறது. அந்தப் பிள்ளைகள் கலந்துகொள்ள விரும்புவது கீழே நடக்கும் ஓய்வுநாள் பள்ளியில், தங்கள் வயதுப் பிள்ளைகள் நடுவில். ஒரு விடுப்பில் பத்துச் சபைகளுக்குப் போகும் குடும்பத்தின் பிள்ளை பத்து மேடை ஏறி இறங்குகிறது, எந்த ஊரிலும் ஒரு சிநேகிதமும் கிடைப்பதில்லை. பாட்டை விட்டுவிடலாம். அந்த ஞாயிறு மதியம் சபையில் அதே வயதுப் பிள்ளை இருக்கும் ஒரு வீட்டார் அவர்களைச் சாப்பாட்டுக்குக் கூட்டிப்போய், மாலைவரை விளையாட விட்டு, அடுத்த விடுப்பிலும் அதே வீட்டுக்கு வரும்படி செய்தால் போதும். இதற்குச் சங்கத் தீர்மானமோ தனி நிதியோ வேண்டியதில்லை.